கட்சியை மீறி வாக்களித்தால் எம்.பி. பதவி போய்விடுமா? தேசிய சுகாதாரக் காப்பீட்டை முன்வைத்து ஒரு விரிவான பதில்

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "அமெரிக்காவில் 2017-ல் செனட்டர் ஜான் மெக்கெய்ன் ஒரே ஆளாகத் தன் கட்சிக்கு எதிராகக் கட்டைவிரலைக் கவிழ்த்து, சுகாதார மசோதாவையே விழ வைத்தார். இங்கே எல்லோருக்கும் அரசு நிதியிலிருந்து மருத்துவச் சேவை தரும் தேசிய சுகாதாரக் காப்பீட்டு மசோதா வந்தபோது ஆளுங்கட்சியில் ஒருவர்கூட ஏன் அப்படிச் செய்யவில்லை? செய்திருந்தால் பதவி போயிருக்குமா? நம் ஏரியா எம்.பி.யிடம் போய்ச் சொன்னால் ஏதாவது நடக்குமா?" மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: நாடாளுமன்றத்தில் விழும் வாக்கு உறுப்பினருக்குச் சொந்தமா, அவரை அனுப்பிய கட்சிக்குச் சொந்தமா? சுருக்கமாகச் சொன்னால், தென்னாப்பிரிக்காவில் வாக்கு உறுப்பினருடையது, இருக்கை கட்சியுடையது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி எவ்வளவு, அதில் ஒருவர் எவ்வளவு தூரம் நடக்கலாம் என்பதைத்தான் கீழே விளக்குகிறேன்.

முதலில் அந்த அமெரிக்கக் கதையைச் சரியாக வைத்துக்கொள்வோம், ஒப்பிட உதவும். மெக்கெய்ன் தனி ஆள் இல்லை. 2017 ஜூலை 28 அதிகாலை நடந்த வாக்கெடுப்பில் மசோதா 49-க்கு 51 என்று தோற்றது. அவருடைய குடியரசுக் கட்சிக்கு அப்போது 52 செனட்டர்கள். இருவர் விலகியிருந்தால் 50-க்கு 50 ஆகி, துணைக் குடியரசுத் தலைவரின் வாக்கால் மசோதா பிழைத்திருக்கும். மெயின் மாநிலத்தின் சூசன் காலின்ஸ், அலாஸ்காவின் லிசா முர்கவ்ஸ்கி இருவரும் ஏற்கெனவே எதிர்ப்பில் உறுதியாக நின்றதால்தான் மூன்றாவதான மெக்கெய்னின் கை கவனம் பெற்றது. அதற்கு மூன்று நாள் முன்பு, விவாதத்தைத் தொடங்கலாம் என்ற தீர்மானத்துக்கு அவரே ஆதரவாக வாக்களித்திருந்தார். கமிட்டி விசாரணை இல்லாமல் அவசரமாகக் கொண்டுவந்த முறை அவருடைய முக்கியக் குறைகளில் ஒன்று. இதில் நமக்கு வேண்டிய செய்தி ஒன்றுதான்: அரிசோனா வாக்காளர்கள் 2016-ல் அவரைப் பெயர் சொல்லி, ஆறு ஆண்டுகளுக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கட்சி எவ்வளவு கோபப்பட்டாலும் அந்த இருக்கையிலிருந்து அவரை எழுப்ப அதற்கு வழி கிடையாது.

நம் நாடாளுமன்றம் இருக்கும் கேப்டவுனில் அப்படி இல்லை. தேசியப் பேரவையின் 400 உறுப்பினர்களும் விகிதாசார முறையில், கட்சிகள் கொடுத்த பட்டியலிலிருந்து வருகிறார்கள். 2024 தேர்தலிலிருந்து சுயேச்சைகளும் நிற்கலாம் என்று சட்டம் மாறியது, ஆனால் ஒருவரும் ஜெயிக்கவில்லை. அரசியல் சட்டத்தின் 47(3)(c) பிரிவு சொல்வது இது: உறுப்பினரை நியமித்த கட்சியில் அவர் உறுப்பினராக இல்லாமல் போனால் பேரவை இருக்கையையும் இழக்கிறார். மாகாணச் சட்டமன்றங்களுக்கு இதே விதி 106-ஆம் பிரிவில் இருக்கிறது. காலியாகும் இடத்துக்கு இடைத்தேர்தல் கிடையாது, கட்சிப் பட்டியலில் அடுத்திருப்பவர் வந்து உட்காருவார். இடைத்தேர்தலைப் பார்த்துப் பழகியவர்கள் நினைப்பது வார்டு கவுன்சிலர்களை. அங்கேதான் வாக்காளர் மறுபடி வரிசையில் நிற்க வேண்டி வரும்.

இந்த இடத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் பலர் ஒரு தவறு செய்கிறார்கள். இந்தியாவில் 1985-ல் வந்த பத்தாவது அட்டவணையின்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தாலே, கட்சி அதை 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால், தகுதி நீக்கம் கோரலாம், சபாநாயகர் முடிவெடுப்பார். அதே விதி இங்கேயும் இருப்பதாக எண்ணிக்கொள்கிறார்கள். இல்லை. தென்னாப்பிரிக்க அரசியல் சட்டத்தில் வாக்களித்த விதத்துக்காக இருக்கை போகும் என்று ஒரு வரிகூடக் கிடையாது. கட்சி உறுப்பினர் என்ற நிலை போனால் மட்டும்தான் இருக்கை போகும். வித்தியாசம் சின்னதாகத் தெரியும், ஆனால் நடைமுறையில் அது பெரியது. இங்கே எதிர்த்து வாக்களித்தவரை எழுப்ப வேண்டுமானால் கட்சி தன் சொந்த விதிகளின்படி குற்றச்சாட்டு கொடுத்து, ஒழுங்கு நடவடிக்கைக் குழு முன் விசாரித்து, மேல்முறையீட்டுக்கு இடம் விட்டு, கட்சியிலிருந்தே நீக்கி, அதன் பிறகுதான் பேரவைக்குத் தெரிவிக்க முடியும். தற்காலிக இடைநீக்கம் போதாது. கமிட்டிப் பதவியைப் பறிப்பதும் கடைசி வரிசைக்கு அனுப்புவதும் கட்சியின் கையில் உள்ளவை. அவற்றால் இருக்கை போகாது.

இந்தப் படிகளில் கட்சிகள் தடுக்கி விழுவது அவசரத்தால். 2018-ல் கேப்டவுன் மேயராக இருந்த பட்ரீசியா டி லில் வானொலிப் பேட்டி ஒன்றில் கட்சியை விட்டு விலகப்போவதாகச் சொன்னதை வைத்து, அவருடைய உறுப்பினர் நிலை தானாகவே முடிந்துவிட்டது என்று அவர் சார்ந்த ஜனநாயகக் கூட்டணிக் கட்சி அறிவித்தது. அந்த ஆண்டு ஜூனில் மேற்குக் கேப் உயர் நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. கட்சி தன் நடைமுறையை ஒழுங்காகப் பின்பற்றவில்லை என்பது காரணம். உள்கட்சி விதிகளைக் கட்சிகள் மதித்தே ஆக வேண்டும் என்று 2012-லேயே அரசியல் சட்ட நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனவே துணிந்து வாக்களிக்கும் உறுப்பினருக்கு மாதக்கணக்கில் அவகாசம் உண்டு. அந்த அவகாசத்துக்குள் கட்சியின் காற்று மாறினால் நடவடிக்கையே கைவிடப்படலாம்.

இதற்கு நல்ல உதாரணம் 2022 டிசம்பர் 13. குடியரசுத் தலைவர் ராமபோசாவின் பாலா பாலா பண்ணையில் பணம் திருடுபோன விவகாரம் பற்றிய விசாரணை அறிக்கையை ஏற்கக் கூடாது என்று ஆளுங்கட்சியான ஏ.என்.சி.யின் (ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸ்) தலைமை தன் உறுப்பினர்களுக்குக் கட்டளையிட்டிருந்தது. பெயர் கூப்பிட்டு எடுத்த வாக்கெடுப்பில் அமைச்சர் என்கோசசானா ட்லாமினி-சூமா எழுந்து "ஆம்" என்றார்; அவரோடு இன்னும் சிலர். அறிக்கை 214-க்கு 148 என்று தோற்றது. ஆனால் அவர் இருக்கை போகவில்லை. அமைச்சரவையிலும் 2024 தேர்தல் வரை இருந்தார், துறை மட்டும் மாறியது. அதற்கு முன் 2011-ல், அரசுத் தகவல் பாதுகாப்பு மசோதா வந்தபோது, பென் டூரோக் வாக்களிக்காமல் வெளியே நடந்தார், குளோரியா போர்மன் நடுநிலை என்று பதிவு செய்தார். கட்சி கொதித்தது, டூரோக் 2014 வரை உறுப்பினராகவே இருந்தார். "எதிர்த்தால் மறுநாளே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்" என்று கடைத்தெருவில் பேசிக்கொள்வது சரியில்லை என்பதற்கு இவை போதும். அதற்காக எதிர்ப்பு இலவசம் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கட்சி கேட்கும் விலை பெரும்பாலும் அடுத்த தேர்தலில் தெரியும்: பட்டியலில் பெயர் எட்டாத இடத்துக்கு இறங்கிவிடும், அல்லது இல்லாமலே போகும். அதற்கு விசாரணையும் வேண்டாம், கடிதமும் வேண்டாம்.

இடையில் ஒரு காலம் இருந்தது. உறுப்பினர்கள் இருக்கையோடு கட்சி மாற, குறிப்பிட்ட பதினைந்து நாள் ஜன்னல் ஒன்றைச் சட்டம் திறந்து வைத்திருந்தது. கட்சியின் உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்காவது சேர்ந்து போக வேண்டும் என்பது நிபந்தனை. அது சின்னக் கட்சிகளைக் கரையான் போல அரித்துவிட்டது. 2009-ல் அந்த ஜன்னல் மூடப்பட்டது. அதற்குப் பிறகு பிறந்த விதிகளின் கீழ்தான் சுகாதாரக் காப்பீட்டு மசோதா பேரவைக்கு வந்தது.

இனி அந்த மசோதா. 2019 ஆகஸ்டில் அறிமுகமானது. மாகாணம் மாகாணமாகப் பொதுமக்கள் கருத்துக் கூட்டங்கள் நடந்தன, 3 லட்சத்துக்கும் அதிகமான எழுத்துக் கருத்துகள் வந்தன. 2023 ஜூன் 12 அன்று தேசியப் பேரவையில் 205-க்கு 125 என்று நிறைவேறியது. அப்போது ஏ.என்.சி.க்கு 230 இருக்கைகள் இருந்தன. இதைக் காட்டி, "பார்த்தீர்களா, குறைந்தது 25 பேர் மனசுக்குள் எதிர்த்திருக்கிறார்கள்" என்று சொல்பவர்கள் உண்டு. எண் உண்மை, முடிவு ஊகம். எந்த வாக்கெடுப்பிலும் நோயாளிகள் இருப்பார்கள், வெளிநாட்டில் அமைச்சர்கள் இருப்பார்கள். வராமல் போனதை எதிர்ப்பு என்று படிக்க, அவரே வாய் திறந்து சொன்ன சான்று வேண்டும்.

வராமல் இருப்பது, நடுநிலை, எதிர்ப்பு ஆகிய மூன்றும் கணக்கில் வேறு வேறு வேலை செய்கின்றன. அரசியல் சட்டத்தின் 53-ஆம் பிரிவின்படி ஒரு மசோதாவுக்கு வாக்கெடுப்பு நடக்க வேண்டுமானால் பேரவை உறுப்பினர்களில் பாதிக்கு மேல், அதாவது 201 பேர், அங்கே இருக்க வேண்டும். ஆனால் முடிவு, விழுந்த வாக்குகளில் பெரும்பான்மையால். ஆகவே "நடுநிலை" என்று பதிவு செய்கிறவர் 201-ஐ நிரப்ப உதவிவிட்டு, வாக்குக் கணக்கிலிருந்து தன்னை எடுத்துக்கொள்கிறார். அது மசோதாவைத் தோற்கடிக்க அநேகமாக உதவாது. வராதவர் 201-ஐ எட்ட வேண்டிய வருகை எண்ணிக்கையைக் குறைக்கிறார். போதுமான பேர் வராவிட்டால் வாக்கெடுப்பே தள்ளிப்போகும். எதிர்த்து வாக்களிப்பவர் ஒரே அசைவில் இரண்டு வாக்கு வித்தியாசம் உண்டாக்குகிறார்: ஆதரவில் ஒன்று குறைகிறது, எதிர்ப்பில் ஒன்று கூடுகிறது. அந்த நாளின் 80 வாக்கு வித்தியாசத்தை மாற்ற 41 பேர் அணி மாறியிருக்க வேண்டும். மெக்கெய்ன் ஒருவர் இங்கே இருந்திருந்தாலும் மசோதா அசைந்திருக்காது என்பது கணக்கு.

இன்னொரு நடைமுறைச் சிக்கல் உண்டு. 2022 ஜனவரியில் பேரவைக் கட்டடம் எரிந்தது. அதற்கு முன்பே கொரோனா காலத்தில் பாதிப் பேர் திரையிலும் பாதிப் பேர் அவையிலும் உட்காரும் முறை தொடங்கியிருந்தது. அந்த அமர்வுகளில் பெரும்பாலும் கொறடாக்கள் எழுந்து "எங்கள் உறுப்பினர்கள் இத்தனை பேர், ஆதரவு" என்று சொல்வார்கள். அதற்கு முன் அவைத்தலைவர் ஒரு அறிவிப்பைப் படிப்பார்: கட்சியின் வாக்குக்கு மாறாக வாக்களிக்கவோ நடுநிலை வகிக்கவோ விரும்பும் உறுப்பினர் அவைத்தலைவரிடம் தெரிவிக்கலாம் என்று. அந்தச் சில நொடிகள்தான் ஒருவர் பிரிந்து நிற்க விதி தரும் வாசல். விரலால் அழுத்தி ஓசையில்லாமல் வாக்களிக்கும் பொத்தான் அங்கே இல்லை. சக உறுப்பினர்கள் எல்லோரும் பார்க்க, மைக்கை இயக்கி, தன் பெயரைச் சொல்லிப் பிரிய வேண்டும். எத்தனை பேருக்கு அந்த நெஞ்சுரம் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ரகசிய வாக்கு நடந்தபோது என்ன ஆனது என்பதும் தெரியும்: 2017 ஆகஸ்ட் 8 அன்று அப்போதைய குடியரசுத் தலைவர் ஜேக்கப் சூமா மீதான நம்பிக்கையில்லாத் தீர்மானம் 177-க்கு 198 என்று தோற்றது. ஏ.என்.சி.க்கு அன்று 249 இருக்கைகள். ஆளுங்கட்சியினர் இருபதுக்கும் மேற்பட்டோர் எதிரணியோடு சேர்ந்திருந்தால் ஒழிய அந்த எண் வராது. அதற்குச் சற்று முன் ஜூனில், உறுப்பினர்கள் உறுதிமொழி எடுப்பது அரசியல் சட்டத்துக்குத்தான், கட்சிக்கு இல்லை என்று அரசியல் சட்ட நீதிமன்றமும் தெளிவாக்கியிருந்தது. ஆனால் சாதாரண மசோதாக்களுக்கு ரகசிய வாக்கு கேட்கும் பழக்கம் இல்லை. சட்டம் செய்யும்போது யார் எப்படி வாக்களித்தார் என்று மக்களுக்குத் தெரிய வேண்டும் என்பதால் அது சரியென்றே நான் நினைக்கிறேன்.

சுகாதாரத்துக்காகக் கட்சியோடு முறித்துக்கொண்டவர்கள் இந்த நாட்டில் இல்லவே இல்லையா என்றால், இருக்கிறார்கள். அவர்களை மறந்துவிடக் கூடாது. டர்பனில் பிறந்த ப்ரெக்ஸ் கோவெண்டர் 1994-ல் ஏ.என்.சி. உறுப்பினராகப் போனவர். பெண்களின் வாழ்க்கைத்தரத்தையும் நிலையையும் கண்காணிக்கும் நாடாளுமன்றக் கூட்டுக்குழுவின் தலைவராக இருந்தார். 2001-ல் பாதுகாப்பு நிதி ஒதுக்கீட்டின்போது, ஆயுத ஒப்பந்தத்துக்கு எதிர்ப்பைப் பதிவு செய்த ஒரே ஏ.என்.சி. உறுப்பினர் அவர். எச்.ஐ.வி. எய்ட்ஸை உண்டாக்குகிறதா என்றே அரசின் உச்சியில் சந்தேகம் எழுப்பிக்கொண்டிருந்த அதே ஆண்டில், தன் குழுவின் வழியாகப் பொது விசாரணை நடத்தினார். மருந்து கொடுக்க வேண்டும் என்று குழுவின் அறிக்கை சொன்னது. 2002-ல் அவர் தானாகவே பதவி விலகினார். அந்த ஆண்டு ஜூலை 5 அன்று, கர்ப்பிணித் தாயிடமிருந்து குழந்தைக்கு நோய் தொற்றாமல் தடுக்கும் நெவிராபின் மருந்தை அரசு மருத்துவமனைகளில் கொடுத்தே ஆக வேண்டும் என்று அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கை நடத்தியது சிகிச்சைக்காகப் போராடிய மக்கள் இயக்கம். கோவெண்டரின் முறிவை நான் மெக்கெய்னின் முறிவைவிட ஆழமாகப் படிக்கச் சொல்வேன். அவர் இறுதி வாக்கெடுப்புக்காகக் காத்திருக்கவில்லை. தன் கையில் இருந்த கமிட்டி என்ற கருவியை எடுத்து, சாட்சிகளை அழைத்து, பதிவேட்டில் ஏற்றினார். கட்சிப் பெரும்பான்மை எவ்வளவு இருந்தாலும் அந்தப் பதிவை அழிக்க முடியாது.

நொசிஸ்வே மட்லாலா-ரூட்லெட்ஜ் இன்னொரு வகை. சுகாதாரத் துணை அமைச்சராக இருந்துகொண்டே எய்ட்ஸ் கொள்கையில் தன் அமைச்சரோடு வெளிப்படையாக முரண்பட்டார். 2007 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் எம்பெக்கி அவரை நீக்கினார். நீக்கியது துணை அமைச்சர் பதவியிலிருந்துதான். பேரவை இருக்கையைத் தொட முடியவில்லை. அடுத்த ஆண்டே அவர் பேரவையின் துணைச் சபாநாயகர் ஆனார். அமைச்சர் பதவி குடியரசுத் தலைவர் தருவது, இருக்கை கட்சி தருவது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் "பதவி பறிபோனது" என்ற செய்தியைப் படிக்கும்போது நமக்கு எது போனது என்று தெரியாமல் போகிறது. 1996-ல் கருக்கலைப்புச் சட்டம் வந்தபோது ஏ.என்.சி. மனச்சாட்சி வாக்குக்கு இடம் தரவில்லை. பாடகியும் உறுப்பினருமான ஜெனிஃபர் ஃபெர்குசன் நடுநிலை என்று பதிவு செய்தார். வேறு பலர் அன்று அவைக்கே வரவில்லை.

நீங்கள் இருப்பது குவாசூலு-நட்டாலில் என்பதால் நாடாளுமன்றத்தின் இரண்டாவது அவையான மாகாணங்களவையையும் சொல்லியாக வேண்டும், பலரும் இதைக் கவனிப்பதில்லை. சுகாதாரம் மத்திய, மாகாண அரசுகள் இரண்டுக்கும் பொதுவான அதிகாரம். அதனால் சுகாதாரக் காப்பீட்டு மசோதா அரசியல் சட்டத்தின் 76-ஆம் பிரிவின்படி, மாகாணங்களைப் பாதிக்கும் மசோதாவாகப் போனது. அங்கே ஒவ்வொரு மாகாணத்துக்கும் பத்துப் பேர் கொண்ட குழு, ஆனால் ஒரே வாக்கு. அந்த வாக்கை மாகாணச் சட்டமன்றம் எழுத்தில் தரும் ஆணைப்படிதான் போட வேண்டும். முதலில் பேச்சுவார்த்தைக்கான ஆணை, திருத்தங்கள் பேசி முடிந்ததும் இறுதி ஆணை. ஆகவே தனி உறுப்பினர் பிரிந்து நிற்பது என்பதே மாகாணங்களவையில் பொருளில்லாதது. பிரிய வேண்டிய இடம் நம் மாகாணச் சட்டமன்றம் கூடும் பீட்டர்மரிட்ஸ்பர்க், பிரிய வேண்டிய நாள் இறுதி ஆணை எழுதப்படும் நாள். 2023 டிசம்பர் 6 அன்று ஒன்பது மாகாணங்களில் எட்டு ஆதரித்தன, மேற்குக் கேப் மட்டும் எதிர்த்தது. 2024 மே 15 அன்று, தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்பு, குடியரசுத் தலைவர் கையெழுத்திட்டார்.

அந்தத் தேர்தல் கணக்கைத் தலைகீழாக்கிவிட்டது. நம் மாகாணச் சட்டமன்றத்தில் 80 இருக்கைகள். 2024 தேர்தலுக்குப் பின் அமைந்த ஆளும் கூட்டணியில் கட்சிவாரியாக ஐ.எஃப்.பி. 15, ஏ.என்.சி. 14, ஜனநாயகக் கூட்டணி 11, என்.எஃப்.பி. 1, ஆக 41. எதிரே எம்.கே. 37, இ.எஃப்.எஃப். 2, ஆக 39. அரசியல் சட்டத்தின் 112-ஆம் பிரிவின்படி தலைமை தாங்குபவருக்குச் சாதாரண வாக்கு இல்லை. சமநிலை வந்தால் மட்டும் தீர்மானிக்கும் வாக்கு. கூட்டணியைச் சேர்ந்தவர் தலைமை தாங்கினால், எல்லோரும் வந்திருக்கும் நாளில் உண்மையான கணக்கு 40-க்கு 39. கூட்டணியில் ஒருவர் நடுநிலை வகித்தால் 39-39 ஆகி அவைத்தலைவர் காப்பாற்றுவார். ஒருவர் எதிர்த்து வாக்களித்தால் 39-க்கு 40, தோல்வி. மெக்கெய்ன் வந்து நின்ற இடம் இதுதான். மாகாணச் சுகாதாரத் துறைக்கான நிதி ஒதுக்கீடு, மருத்துவமனைப் பணியிடங்களுக்கான பணம் எல்லாம் இந்த ஒற்றை வாக்கு விளிம்பில்தான் ஆண்டுதோறும் கடக்க வேண்டும். தனி உறுப்பினருக்குப் பலம் கேப்டவுனில் தேடாமல் பீட்டர்மரிட்ஸ்பர்க்கில் தேடுங்கள் என்று நான் சொல்வது இதனால்.

தேசிய அளவிலும் வேலை முடிந்துவிடவில்லை. கையெழுத்து ஆன உடனே சட்டம் நடைமுறைக்கு வந்துவிடாது. பிரிவு பிரிவாக, குடியரசுத் தலைவர் அரசிதழில் அறிவிக்கும் தேதியில்தான் வரும். அதைவிட முக்கியம் பணம். சட்டத்தின் 49-ஆம் பிரிவு பொது வரி, சம்பளத்தின் மேல் வரி, வருமான வரியின் மேல் கூடுதல் கட்டணம், மெடிக்கல் எய்டுக்கு (தனியார் மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களுக்கு) இப்போது கிடைக்கும் வரிச் சலுகையை எடுத்து இங்கே திருப்புவது ஆகியவற்றைக் குறிப்பிடுகிறது. ஆனால் எந்தப் புதிய வரியும் அரசியல் சட்டத்தின் 77-ஆம் பிரிவின்படி தனி நிதி மசோதாவாக, நிதியமைச்சரால் மட்டுமே கொண்டுவரப்பட வேண்டும். அது வரும் நாளில் பேரவையில் ஏ.என்.சி.க்கு 2024 முடிவின்படி 159 இருக்கைகள்தான். 87 வைத்திருக்கும் ஜனநாயகக் கூட்டணி அதே அரசில் இருந்துகொண்டே இந்தச் சட்டத்தை எதிர்க்கிறது. கூட்டணிக்குள் முறிவு எப்படி நடக்கும் என்பதற்கு 2025 ஏப்ரல் 2 ஒரு முன்னோட்டம்: வாட் வரி உயர்வு இருந்த நிதிக் கட்டமைப்பை எதிர்த்து ஜனநாயகக் கூட்டணி முழுதாக வாக்களித்தது. அது 194-க்கு 182 என்று நிறைவேறியும், அந்த மாதமே வரி உயர்வு கைவிடப்பட்டது. நம் முறையில் முறிவு தனி மனிதராக வருவது அபூர்வம், கட்சியாகவே வரும். சுகாதாரக் காப்பீட்டிலும் அப்படித்தான் வரும் என்பது என் கணிப்பு. கணிப்பு என்ற அளவிலேயே அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எம்.பி.யிடம் போய்ப் பயன் உண்டா? உண்டு, ஆனால் வாக்கை மாற்றச் சொல்லிப் போகாதீர்கள். "நம் ஏரியா எம்.பி." என்பவர் சட்டப்படி உங்கள் தொகுதியின் பிரதிநிதி அல்லர், கட்சி அவருக்கு அந்தப் பகுதி அலுவலகத்தை ஒதுக்கியிருக்கிறது, அவ்வளவே. அவர் உட்காரும் கமிட்டி எது என்று முதலில் பாருங்கள். சுகாதாரக் கமிட்டியிலோ நிதிக் கமிட்டியிலோ இருந்தால் அவரிடம் கேட்க வேண்டியது மூன்று: எந்தப் பிரிவுக்குத் திருத்தம் கொடுக்கிறார், அதை எழுத்தில் கொடுப்பாரா, கமிட்டி அறிக்கையில் மாற்றுக் கருத்தாகப் பதிவு செய்யச் சொல்வாரா. கட்சிக் காகஸில், அதாவது கட்சி உறுப்பினர்களின் உள்கூட்டத்தில், சண்டை நடப்பது மசோதா கமிட்டியில் இருக்கும்போதுதான். பேரவைக்கு வந்த பிறகு கொறடாவின் கையில் போய்விடும்.

அதோடு நீங்களே கமிட்டிக்கு எழுதலாம், அதுதான் சட்டத்தில் அதிகக் கனம் உள்ளது. கருத்துக் கேட்பு அறிவிப்பு வந்ததும் கடைசித் தேதியைப் பாருங்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பிரிவு எண், அதில் உங்களுக்கு உள்ள குறை, அதற்குப் பதிலாக நீங்கள் விரும்பும் வாசகம், இந்த வரிசையில் எழுதுங்கள். நேரில் பேச விரும்புகிறேன் என்று தனி வரியில் கேளுங்கள். நூறு பேர் கையெழுத்திட்ட ஒரே கடிதத்தைவிட, தன் தாயின் சர்க்கரை நோய் மருந்துக்கு மாதம் என்ன நடக்கிறது என்று எழுதிய பத்துத் தனிக் கடிதங்கள் மேல். இதற்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், 2006-ல் இரண்டு சுகாதாரச் சட்டங்களை அரசியல் சட்ட நீதிமன்றம் செல்லாது என்று தீர்த்தது. ஒன்று கருக்கலைப்புச் சட்டத் திருத்தம், மற்றொன்று பாரம்பரிய மருத்துவர்கள் சட்டம். காரணம் உள்ளடக்கம் அல்ல. மாகாணங்களவையும் மாகாணச் சட்டமன்றங்களும் மக்களைச் சரியாகக் கேட்கவில்லை என்பது. திருத்திக்கொள்ள 18 மாதம் தரப்பட்டது. உறுப்பினர்கள் நிறைவேற்றிய சட்டத்தை, மக்களைக் கேட்கவில்லை என்ற புகார் இங்கே வீழ்த்தியிருக்கிறது. இப்போதைய சட்டத்தின் மேலும் வழக்குகள் நடக்கின்றன. கையெழுத்திடும் முடிவையே நீதிமன்றம் ஆராயலாம் என்று 2025 மே மாதம் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் சொன்னது.

உங்கள் உறுப்பினர் எப்படி வாக்களித்தார் என்று அறிய, பேரவை நடவடிக்கைக் குறிப்புகளைப் பாருங்கள். பிரித்து எடுத்த வாக்கெடுப்பாக இருந்தால் பெயர்கள் இருக்கும், கொறடா மூலம் எடுத்ததாக இருந்தால் எண்கள் மட்டும் இருக்கலாம். கமிட்டியில் என்ன பேசினார் என்பதற்கு பார்லிமென்டரி மானிட்டரிங் குரூப் வெளியிடும் கூட்டக் குறிப்புகள் நம்பகமானவை, பெரும்பாலும் இலவசம்.

கடைசியாக, பலரும் தனியாகக் கேட்கும் ஒன்று: இப்போதே மெடிக்கல் எய்டை நிறுத்திவிடலாமா? வேண்டாம். சுகாதாரக் காப்பீட்டுச் சட்டத்தின் 33-ஆம் பிரிவின்படி மெடிக்கல் எய்ட் திட்டங்கள் குறுகுவது, காப்பீடு முழுமையாக நடைமுறைக்கு வந்ததாக அமைச்சர் அரசிதழில் அறிவித்த பிறகுதான். அதுவரை நீங்கள் நிறுத்திவிட்டு மீண்டும் சேரப் போனால் மூன்று மாதம் வரை பொதுக் காத்திருப்பும், ஏற்கெனவே உள்ள நோய்க்கு 12 மாதம் வரை காத்திருப்பும் விதிக்கலாம். 35 வயதோ அதற்கு மேலோ என்றால், இடைவெளியின் நீளத்தைப் பொறுத்துத் தாமதக் கட்டணமும் சேரலாம். ஆகவே மாதத் தவணை தாங்க முடியாமல் போனால் முழுதாக விடுவதற்கு முன், அதே திட்டத்தில் குறைந்த பிரிவுக்கு எப்போது இறங்கலாம் என்று கேளுங்கள். பெரும்பாலான திட்டங்களில் அது ஆண்டு இறுதியில் விண்ணப்பித்து ஜனவரியில் அமலாகும்.